அப்பா அடித்த கத்தி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கட்டடக் கம்பி உருட்டும் ஆலையில் அவருக்கு வேலை. ஒரே ஷிஃப்டில் டன் கணக்கில் கம்பி வெளியே வரும். ஆனால், ஒரு சின்னக் கத்தியை முடிக்க அவருக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

சொந்த ஊர் ஊத்துக்கோட்டை பக்கம். அப்பா கொல்லர். முட்டிவலியால் அம்மாவால் அரிவாள்மனையில் உட்கார முடியவில்லை. நின்றபடி காய் நறுக்கட்டும் என்று, லாரி பட்டையைக் காய்ச்சிக் கத்தி அடித்தார் அப்பா. அரத்தால் ராவி, தோய்ச்சலும் கொடுத்துவிட்டார். மெருகேற்றுவதற்குள் மாரடைப்பு வந்துவிட்டது.

முதல் வருடத் திதிக்குப் போன மகன், துருப்பிடித்த அந்தக் கத்தியைப் பட்டறையில் கண்டெடுத்தார்.

“கிரைண்டர்ல காட்டினா அஞ்சு நிமிஷம், மச்சான்” என்றார் தங்கை கணவர்.

“சூடேறி நீலம் பாய்ஞ்சா பதம் போயிடும், மாப்ள.”

120-ம் நம்பர் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, எண்ணெய் விட்டு ஒரே திசையில் தேய்த்தார். அடுத்து 220, இப்போது குறுக்குவாட்டில். பழைய கோடு மிச்சமிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு 400, 600. நம்பர் ஏற ஏறத் தாள் நைஸாகும்.

மூன்றாவது ஞாயிறு கத்தி பளபளத்தது. வெயிலில் சாய்த்தால், நடுவில் அரம் கிழித்த ஒரு கோடு! ஆழமான கோட்டை நைஸ் தாள் அழிக்காது. விட்டால் ஈரம் தங்கித் துரு ஏறும். மறுபடியும் 120-லிருந்து தொடங்கினார்.

கடைசியில் கத்தியின் முதுகில், பிடியருகே ஒரு சிறு குழி மட்டும் மிஞ்சியது. அப்பாவின் சுத்தியல் பட்ட இடம். தாளை எடுத்தவர் தயங்கினார்.

பள்ளி நாளில் பூண்டி அருங்காட்சியகத்தில் பார்த்த கற்கருவிகள் நினைவுக்கு வந்தன. பக்கத்து அதிரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அப்படிப்பட்ட கருவிகளைக் கண்டறிந்தார். அங்கே கிடைத்தவற்றில் மிகப் பழையவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்றது 2011-ல் வெளியான ஆய்வு. செதுக்கியவரின் அடி எங்கே விழுந்தது என்பது அந்தக் கற்களில் இன்றும் தெரியும்.

குழியை அப்படியே விட்டுவிட்டார்.

நான்காவது ஞாயிறு, புளியங்கட்டைப் பிடி போட்டுக் கொடுத்தார். அம்மா நின்றபடியே வெண்டைக்காய் நறுக்கினார். கட்டைவிரல் குழியில் பட்டது.

“இங்க மட்டும் ஏன்டா தேய்க்கல?”

“அது அப்பா அடிச்சதும்மா.”

அம்மா பேசவில்லை. கத்தியைக் கழுவி, முந்தானையால் ஈரம் போகத் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தார்.