நண்டு மேசையில் கூடும் தோட்டம்

கோல சிலாங்கூருக்கு வருபவர்கள் புக்கிட் மெலாவத்தியில் குரங்குகளையும் இருட்டியதும் கம்போங் குவாந்தானில் மின்மினிகளையும் பார்ப்பார்கள். இடைப்பட்ட மாலைக்கு ஆற்றின் மறுகரையிலுள்ள பாசிர் பெனாம்பாங்தான் பொருத்தம். சீன மீனவர்களின் கம்பம் இது. ஆற்றோரக் கடைகளில் நண்டையும் இறாலையும் எடை போட்டு விற்பார்கள். விலையை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மிளகாய் நண்டுக்குப் பக்கத்து மேசையினர் பொரித்த மந்தாவ் தொட்டுக்கொள்ள, நாங்கள் வெள்ளைச் சோறு கேட்டோம்.

எங்கள் பெற்றோர் பால் மரம் சீவிய காலத்தில், கடல் இவ்வளவு அருகில் இருந்தும் லயத்து அடுப்புக்கு வந்தது பெரும்பாலும் கருவாடுதான். இன்று லயங்கள் இல்லை. புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, கிள்ளான் என்று உறவுகள் சிதறிவிட்டன. எல்லாரும் ஒன்றாக உட்கார இந்த வட்ட மேசைதான் மிச்சம். மின்மினிப் படகுக்கு நேரமாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை.