பூனைகள் ஊரில் ஆறு புதன்கிழமைகள்

கலிஃபோர்னியாவில் சான் ஹோஸே நகரத்திலிருந்து தென்மேற்கே காரில் இருபது நிமிஷம் போனால், மலையடிவாரத்தில் லாஸ் கேடோஸ் என்றொரு சின்ன ஊர். ஸ்பானிய மொழியில் 'பூனைகள்' என்று அர்த்தம். பக்கத்து மலைகளில் காட்டுப் பூனைகளும் மலைச் சிங்கங்களும் நடமாடியதால் வந்த பெயராம். ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஆப்ரிகாட், பிளம் பழத் தோட்டங்கள். இப்போது சுற்றிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகள். நம்மவர்களுக்கும் பஞ்சமில்லை, பூங்காவில் புடவையும் ஷூவுமாக நடக்கிற மாமிகளை அடிக்கடி பார்க்கலாம்.

ஊரின் அழகே வாசோனா ஏரிப் பூங்காதான். ஓடையைத் தேக்கிக் கட்டிய ஏரி. கரையோரம் கூட்டம் கூட்டமாகப் பெரிய வாத்துகள்; மனிதர்களைக் கண்டால் விலகுவதே இல்லை, நாம்தான் வழி விட வேண்டும்! மிதி படகுகள் உண்டு. ஒட்டினாற்போல் இருக்கும் ஓக் மெடோ பூங்காவிலிருந்து குழந்தைகளுக்கான குட்டி ரயில் ஒன்று விசிலடித்துக்கொண்டு வரும். 1970லிருந்து ஓடுகிறதாம்.

ஊர் சுற்றிப் பார்க்கவா அங்கே போனேன்? இல்லை. மகளின் இரண்டாவது பேறுகாலத்துக்கு உதவியாகப் போயிருந்தேன். பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாகி, பெரிய கண்டத்திலிருந்து தாயும் சேயும் தப்பினார்கள். நான் வைத்த பூண்டுக் குழம்பிலும் பத்தியச் சாப்பாட்டிலும் உடம்பு தேறிவிட்டது. ராத்திரிகள்தான் தேறவில்லை. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் கை கால் நடுங்கும். தூக்கத்தில் அலறி எழுந்து உட்காருவாள். குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி இருப்பாள். மாப்பிள்ளைதான் விசாரித்து, லாஸ் கேடோஸில் ஒரு மனநல நிபுணரிடம் ஏற்பாடு செய்தார். புதன்கிழமைதோறும் ஒன்றரை மணி நேரம். அவள் உள்ளே இருப்பாள். நான் பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து ஏரியைச் சுற்றுவேன்.

அவளுக்கு நடந்தது 'கண் அசைவுச் சிகிச்சை'. இ.எம்.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இது தோன்றியதே இந்த ஊர்ப் பூங்கா ஒன்றில்தான்! ஃபிரான்சின் ஷாபிரோ என்ற பெண்மணி 1948ல் பிறந்தவர். இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவருக்கு 1979ல் புற்றுநோய் வந்தது. பிழைத்ததும், மனசுக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பை ஆராய மனோதத்துவத்துக்கு மாறினார். 1987ல் ஒரு நாள் பூங்காவில் நடக்கும்போது, தன்னை வாட்டிய எண்ணங்கள் திடீரென்று லேசாவதைக் கவனித்தார். யோசித்துப் பார்த்தபோது, அந்த நேரத்தில் தன் கண்கள் இடமும் வலமும் வேகமாக அசைந்தது தெரிந்தது. அதையே மற்றவர்களிடம் சோதித்து, 22 பேரை வைத்துச் செய்த ஆய்வை 1989ல் வெளியிட்டார். 2019ல் காலமானார்.

"அது என்ன, கண்ணை உருட்டினால் கவலை போய்விடுமா?" என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நானும் கேட்டேன். மகள் சொன்னது இது: முதல் சில சந்திப்புகளில் கண் அசைவே கிடையாது. நடந்ததைக் கேட்டுக்கொண்டு, மனசைத் தானே அமைதிப்படுத்தும் வழிகளைப் பழக்குவார்கள். பிறகு, மிகவும் உறுத்தும் ஒரு காட்சியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதை நினைத்தால் தன்னைப் பற்றி என்ன தோன்றுகிறது, உடம்பில் எங்கே இறுக்குகிறது, வேதனைக்குப் பூஜ்யம் முதல் பத்துக்குள் எத்தனை மதிப்பெண் என்று கேட்பார்கள். அந்தக் காட்சியை மனசில் வைத்தபடியே, நிபுணரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடர வேண்டும். அரை நிமிஷம் போல. "இப்போது என்ன தோன்றுகிறது?" என்று கேட்டு, மறுபடியும். வேதனை குறையும்வரை இப்படியே. அப்புறம், 'நான் பிழைத்துவிட்டேன், இப்போது பத்திரமாக இருக்கிறேன்' என்பது போன்ற நல்ல எண்ணத்தை ஊன்றுவார்கள்.

எப்படி வேலை செய்கிறது? ஒரு விளக்கம் இது: நம் மனசு ஒரே சமயத்தில் கொஞ்சம்தான் தாங்கும். அடுப்பில் பால் பொங்கும்போது யாராவது கணக்குக் கேட்டால் இரண்டும் தடுமாறுகிறதே, அதுபோல. பயங்கரக் காட்சியையும் பிடித்துக்கொண்டு விரலையும் தொடரும்போது, காட்சியின் கூர்மை மழுங்குகிறது. மழுங்கிய வடிவிலேயே நினைவில் திரும்பப் படிகிறது. கண் அசைவு அவசியமே இல்லை, பாதுகாப்பான இடத்தில் பயத்தை எதிர்கொள்வதே குணமாக்குகிறது என்று வாதாடும் ஆராய்ச்சியாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் பலன் உண்டு என்பதால், 2013ல் உலக சுகாதார நிறுவனம் மனக்காயத்துக்கு இதைப் பரிந்துரைத்தது.

நாலாவது புதன்கிழமை மகள் அழுதுகொண்டேதான் வெளியே வந்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "இன்னிக்கு ஒண்ணும் கேக்காதேம்மா" என்றாள். ஆறாவது புதன்கிழமை, ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்து குழந்தையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். "எல்லாம் ஞாபகம் இருக்கும்மா. ஆனா அது இப்போ தூரமா போயிடுச்சு. மேல வந்து விழல" என்றாள். அன்றைக்கு அவள் போட்ட மதிப்பெண் இரண்டு. முதலில் ஒன்பதாம். இன்னும் சில சந்திப்புகள் பாக்கி இருந்தன. ஆனாலும் அந்த இரண்டு எனக்குப் போதும்.

சகோதரிகளே, இதை வீட்டில் பேனாவை ஆட்டிச் செய்து பார்க்கக் கூடாது. புதைந்த பயம் கிளம்பிவிட்டால் தாங்கிப் பிடிக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். நம் நாட்டிலும் 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பிறகு இந்தப் பயிற்சி அளிக்கப்பட்டது. இப்போது பெரிய நகரங்களில் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பிரசவம், விபத்து, தீ, வெள்ளம் எதுவானாலும், ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்தையோ பேச்சையோ தவிர்ப்பது என்று இருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் அரசின் இலவச எண் 14416ல் தமிழிலேயே பேசலாம். "குழந்தைதான் நல்லா இருக்கே, உனக்கென்ன குறை?" என்று மட்டும் எந்தத் தாயிடமும் சொல்லாதீர்கள். "ராத்திரி தூங்கினியாம்மா?" என்று கேளுங்கள்.