சம்பூர் வீட்டில் ஒரு மாரிக்காலம்

திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவின் மறுகரையில் உள்ளது சம்பூர். 2006 சித்திரையில் இடம்பெயர்ந்த மக்கள், 2015 முதல்தான் தம் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கினர்.

மாரியில் கடல் கொந்தளித்தால் சிறு வள்ளங்கள் கரையேறிவிடும். அப்படியொரு நாளில் நான் சென்ற வீட்டில் தாயும் மூன்று பிள்ளைகளும் திண்ணையில் கூடியிருந்தனர். மூத்தவள் இடப்பெயர்வுக்கு முன் சம்பூரில் பிறந்தவள். இப்போது நிறைமாதக் கர்ப்பிணி. ஓ.எல். படிக்கும் மகன் கிளிவெட்டி முகாமில் பிறந்தவன். எட்டு வயதுக் கடைக்குட்டி, திரும்பி வந்த பின் பிறந்தவள். முகாமில் நிவாரண மூட்டையோடு வந்த சுவெட்டர் ஒன்று. நம் வெக்கைக்கு அதை யார் போடுவார்! அதைத்தான் மகன் பிரிக்க, கடைக்குட்டி நூலை உருண்டையாகச் சுற்ற, தாய் பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்குக் கையுறை பின்னிக்கொண்டிருந்தார்.

சகோதரிகளே, பச்சைக்குழந்தையின் கையுறைக்குப் பெருவிரல் தேவையில்லை, சிறு பைபோல் இருந்தால் போதும். நாடாவை இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே தொங்கும் நூல் பிஞ்சு விரலைச் சுற்றினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலுக்கே ஆபத்து வரும். ஆகவே போடுமுன் ஒவ்வொரு முறையும் உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். பாலூட்டும்போது கழற்றிவிடுங்கள், குழந்தை கையால் தடவியும் தாயை அறிகிறது.

முடிந்த கையுறையைப் புரட்டிப் பார்த்த மூத்தவள், தொங்கிய நூலொன்றைக் கண்டு தாயிடமே திருப்பிக் கொடுத்தாள்.