‘ஆயா இல்லம்மா, டீச்சர்!’ – விருத்தாசலத்தில் ஒரு புதன்கிழமை

விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. பழமலைநாதரைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு வகை. சேலத்துக்கோ கடலூருக்கோ ரயில் மாறக் காத்திருப்பவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. கார்த்திகைக்கு அகல் விளக்கு வாங்கப் போனவள்.

இந்த ஊருக்கும் பீங்கானுக்கும் பழைய உறவு. அரசு பீங்கான் தொழில்நுட்பக் கல்லூரி இங்கே இருக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. சின்னச் சின்னப் பட்டறைகளில் அகல், கொலு பொம்மை, மின்சார ஃப்யூஸ் கேரியர் என்று வெள்ளை வெளேரென அடுக்கி வைத்திருப்பார்கள். நான் நுழைந்த பட்டறையில் இரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்து, காய்ந்த பிள்ளையார்களின் ஓரப் பிசிறைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள்.

“மண் அகல் டஜன் என்ன விலைம்மா?” என்றேன்.

“மண் இல்லக்கா, செராமிக்” என்றார் இளையவர், தலை நிமிராமலே. “மண் அகல்னு சொன்னீங்கன்னா மண் அகல் வெலதான் குடுப்பீங்க.”

சிரித்துவிட்டேன். ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துக் கூழாக்கி, பிளாஸ்டர் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, ஓரத்தில் தோல் மாதிரி படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்தெடுத்து, காயவைத்து, பிசிறு தட்டி, ஒருமுறை சுட்டு, பளபளப்புப் பூச்சில் முக்கி, மறுபடி ஆயிரம் டிகிரிக்கு மேல் சூளையில் வைக்கிறார்கள். இத்தனையும் செய்துவிட்டு ‘மண்’ என்று கேட்டுக்கொண்டிருக்க யாருக்குத்தான் மனசு வரும்?

பணம் எண்ணிக் கொடுக்கும்போது அவர் பக்கத்தில் ஒரு குட்டித் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். “பையனோடதுக்கா. பால்வாடியில விட்டேன், பாட்டிலை மறந்துட்டு வந்துட்டேன். ஆயா பாத்துப்பாங்க” என்றார். கோயிலுக்குப் போகும் வழியில்தான் பால்வாடி என்று தெரிந்ததும், “குடுங்க, நான் கொடுத்துடறேன்” என்று வாங்கிக்கொண்டேன்.

ஒரே ஒரு பெரிய அறை, பக்கத்தில் சமையலறை, சுவரில் வாழைப்பழமும் யானையும். வாசலில் நின்று, “ஆயா இருக்காங்களா?” என்று கேட்டேன்.

பதினைந்து குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. “ஆயாம்மா சமையல்ல இருக்காங்க. நான் டீச்சர். நீங்க யாரும்மா?” குரலில் கோபம் இல்லை. நான் பாட்டிலை நீட்டினேன். அவர் உடனே வாங்கவில்லை. போனை எடுத்து அந்தப் பெண்ணிடம் பேசி, நான் சொன்னது உண்மைதானா என்று கேட்ட பிறகுதான் கை நீட்டினார். முன்பின் தெரியாதவள் கொண்டு வந்த எதையும் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடாது. சரிதானே? நான் சொன்ன ‘ஆயா’ என்ற சொல் எனக்கே கூசியது.

மன்னிப்புக் கேட்டேன். “அதெல்லாம் பழகிடுச்சும்மா. இருபத்திரெண்டு வருஷம் ஆகுது” என்று உட்காரச் சொன்னார்.

அன்று புதன், முட்டை நாள். இரண்டு வயது தாண்டிய பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் முட்டை உண்டு. முட்டை வேகும் வாசனையில் ஒரு வாண்டு பாட்டை நிறுத்திவிட்டு சமையலறை வாசலிலேயே காவல் நின்றான். டீச்சர் பாட்டுக்கு நடுவே ஒவ்வொரு குழந்தையாகக் கூப்பிட்டு எடை பார்த்து, நோட்டில் எழுதி, அதையே செல்போன் செயலியிலும் ஏற்றினார். இதுதவிர கர்ப்பிணிகள் கணக்கு, சத்துமாவு கணக்கு, தடுப்பூசி நாள், வீட்டுப் பார்வை. ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2-ம் தேதி தொடங்கியபோதே சத்துணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மாருக்கு ஆரோக்கியக் கல்வி என்று ஆறு வேலைகள். வெளியே நிற்கிற நம் கண்ணுக்குச் சோறும் தூக்கமும்தான் தெரிகின்றன.

“பேர்ல என்னம்மா இருக்குன்னு கேப்பாங்க. எனக்கு பேர்லதான் வேலையே இருக்கு” என்றார். விளக்கம் கேட்டேன்.

மூன்று வயதுப் பெண் குழந்தை 10.8 கிலோவுக்குக் கீழே போனால் எடை குறைவு. 9.6-க்கும் கீழே என்றால் ரொம்ப மோசம். சில வருடங்களுக்கு முன் ஒரு குழந்தை ஒன்பது கிலோவில் நின்றதாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று இவர் வீட்டுக்கே போய்ச் சொன்னார். “எங்க வீட்டு வாகே ஒல்லிதான். சோறு போடுற ஆயா, டாக்டர் மாதிரி பேசுது பாரு” என்று பாட்டி கதவோரத்திலேயே அனுப்பிவிட்டார். இரண்டு வாரம் கழித்து நர்ஸம்மா வந்து அதையேதான் சொன்னார். மறுநாளே கிளம்பினார்கள். “ரெண்டு பேரும் ஒரே எடையத்தான் சொன்னோம். அவங்க நர்ஸு, நான் ஆயா. அந்த ரெண்டு வாரம் புள்ளதான பட்டுச்சு?”

பெயர் விஷயத்தை கௌரவப் பிரச்னை என்று மட்டும் நினைத்திருந்த எனக்கு, அதற்குப் பதில் இல்லை.

இந்தச் சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. பழைய தென்னாற்காட்டில் ஆயா என்றால் பாட்டி. தாயைக் குறிக்கும் ‘ஆய்’ தமிழில் மிகப் பழைய சொல். பிள்ளை வளர்க்கும் வேலைக்காரியைக் குறிக்கும் ‘ஆயா’ போர்த்துக்கீசியர் கொண்டுவந்த ‘அய்யா’விலிருந்து வந்தது, துரைமார் பங்களாக்களில் புழங்கி நம் வாயில் ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஒரே ஒலியில் வந்து நிற்கின்றன. பிள்ளைகள் கூப்பிடும்போது அது பாட்டி, பெரியவர்கள் கூப்பிடும்போது அது பங்களா.

சர்க்கார் வைத்த பெயர்களும் குறைவில்லை. பாலசேவிகா என்று ஒரு காலம். 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளர். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தில் குழந்தைகள் நல அமைப்பாளர். இப்போது அங்கன்வாடிப் பணியாளர். ‘அங்கன்’ என்றால் முற்றம். மகாராஷ்டிரத்துத் தாராபாய் மோடக், பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அவர்கள் முற்றத்துக்கே பாடத்தைக் கொண்டுபோன முயற்சியில் பிறந்த பெயர் அது. நல்ல பெயர்தான். ஆனால் நம் தெருவில் அது பலகையோடு சரி. ஆட்டோக்காரரிடம் அங்கன்வாடி என்றால் ஒரு நொடி யோசித்து, “பால்வாடியா?” என்று திருப்பிக் கேட்கிறார்.

பெயரில் காசும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மத்திய அரசு தருவதற்குப் பெயர் சம்பளம் இல்லை, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் அது பணியாளருக்கு 3,000-லிருந்து 4,500 ரூபாயாகவும், உதவியாளருக்கு 1,500-லிருந்து 2,250 ரூபாயாகவும் உயர்ந்தது. தமிழ்நாடு கொஞ்சம் பரவாயில்லை. இங்கே சிறப்புக் காலமுறை ஊதியம் உண்டு. பணியாளருக்கு 7,700 ரூபாயிலும் உதவியாளருக்கு 4,100 ரூபாயிலும் தொடங்குகிறது. ‘சிறப்பு’ என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். மற்ற அரசு ஊழியர்களின் காலமுறை ஊதியம் இதுவல்ல என்று சொல்வதற்குத்தான் அந்தச் சொல்.

அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022 ஏப்ரல் 25-ம் தேதி, குஜராத் பெண்கள் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம், பணிக்கொடைச் சட்டம் பணியாளருக்கும் உதவியாளருக்கும் பொருந்தும் என்றது. மதிப்பூதியம் என்று பெயர் வைத்தாலும் அந்தச் சட்டத்தின்படி அது ஊதியம்தான் என்றும், இது பகுதிநேர வேலை என்ற வாதத்தை ஏற்க முடியாது என்றும் தீர்ப்பு சொன்னது. பணிக்கொடை பற்றி டீச்சரிடம் கேட்டேன். அவர் கோயில் பக்கம் கையைக் காட்டினார். சுந்தரர் பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் அல்லவா? “அவருக்கு கெடச்சுதும்மா. எங்களுக்கு எந்தக் குளத்துலன்னு தெரியணும்.”

‘டீச்சர்’ என்ற பெயர் எவ்வளவு வழுக்கும் என்பதற்கு இன்னொரு கதை இருக்கிறது. 2019 ஜனவரியில், பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் அரசு எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது. பாடம் நடத்தப் பள்ளிகளிலிருந்து இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். அது பதவி இறக்கம் என்று ஆசிரியர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் தரப்பில் பணி விதிகள் சம்பந்தப்பட்ட நியாயங்கள் இருக்கலாம். ஆனால் அதே அறையில் இருபது வருடமாக அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு அந்தச் செய்தி எப்படிக் கேட்டிருக்கும்? பால்வாடிக்கு வருவது இறக்கம் என்றால், அங்கேயே இருப்பவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதுதான் உதவியாளர் முட்டைப் பாத்திரத்தோடு வந்தார். டீச்சர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார். அவ்வளவு நேரமும் ‘நான் ஆயா இல்லை, ஆயா இல்லை’ என்று நாங்கள் இருவரும் பேசியது, சுவருக்கு அந்தப் பக்கம் உண்மையிலேயே ஆயா என்று கூப்பிடப்படுகிறவரின் காதில் விழுந்திருக்கும். அவருக்கும் சர்க்கார் வைத்த பெயர் அங்கன்வாடி உதவியாளர்தான். காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவது, சமைப்பது, ஊட்டுவது, கால் கழுவி விடுவது, பெருக்குவது எல்லாம் அவர் பங்கு. டீச்சர் கூட்டத்துக்குப் போகும் நாளில் பாட்டும் அவர்தான். இப்போது இந்த வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கிறார்கள்.

“உங்களுக்கு எப்படிக் கூப்பிட்டா பிடிக்கும்?” என்று கேட்டேன். ஓடு உரித்துக்கொண்டே பதில் சொன்னார்.

“புள்ளைங்க ஆயான்னா நல்லாத்தாங்க இருக்கு, பாட்டி மாதிரி. அதுங்க அப்பன் ஆத்தாளும் ஆயாங்குறாங்க பாருங்க, எனக்கு வயசு நாப்பத்திரெண்டு. அவங்களுக்குமா நான் பாட்டி?”

டீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு அவரே சொன்னார்: பெற்றோர் கூட்டத்தில் ‘என்னை டீச்சர்னு கூப்பிடுங்க’ என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ‘இவங்களை அக்கான்னு கூப்பிடுங்க’ என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

காவல் நின்ற வாண்டுக்கு முதல் முட்டை கிடைத்தது. மஞ்சள் கருவை மட்டும் பக்கத்துப் பிள்ளையின் தட்டில் ஒதுக்கினான். உதவியாளர் அதை எடுத்துச் சோற்றோடு பிசைந்து, அவனுக்கே தெரியாமல் அவன் வாயில் வைத்துவிட்டார்.

கோயிலுக்குப் போனேன். இங்கே கோபுரம், தீர்த்தம் எல்லாமே ஐந்து ஐந்து என்பார்கள். படியிறங்கிப் போய் ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டேன். ஊருக்கும் ஒன்றுக்கு மூன்று பெயர்: திருமுதுகுன்றம், பழமலை, விருத்தாசலம். மூன்றுக்கும் பொருள் பழைய மலை என்பதுதான். சுற்றிப் பார்த்தால் மலை மட்டும் கண்ணில் படாது.

திரும்பும் வழியில், கட்டி வைக்கச் சொல்லியிருந்த அகல்களை எடுக்க மறுபடி பட்டறைக்குப் போனேன். அந்தப் பெண் செய்தித்தாளைக் கிழித்து ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பாட்டில் குடுத்துட்டேம்மா. பையன் முட்டை சாப்பிட்டான், மஞ்சக்கருவையும் சேத்து” என்றேன்.

“நெசமாவா! வீட்ல தொடவே மாட்டான்” என்று முகம் மலர்ந்தவர், அடுத்த அகலைச் சுற்றியபடியே கேட்டார்:

“யாருக்கா ஊட்டுனது, பெரிய ஆயாவா, சின்ன ஆயாவா?”