கல்வராயன் மலைக் குருவி

கல்வராயன் மலையில் ஒரு அதிசயக் குருவி இருக்கிறது. காரை மெதுவாக ஓட்டினால் மெதுவாகக் கத்தும். வேகமெடுத்தால் அதுவும் வேகமெடுக்கும். நின்றால் கப்சிப்!

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "ஆஹா, என்ன இனிமை!" என்று நான் ரசித்துக்கொண்டிருக்க, நண்பர் பல்லைக் கடித்தார்.

"யோவ், அது குருவி இல்லைய்யா. நம்ம கார்!"

கார் என்றால் ஏதோ சாதாரணக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இரண்டு கதவு. கள்ளக்குறிச்சியில் டாக்டராக இருந்த நண்பரின் அப்பா ஆசை ஆசையாக வாங்கியது. நண்பர் அதை 'ஸ்போர்ட்ஸ் கார்' என்றுதான் சொல்வார். சிரித்தால் கோபம் வரும்.

கோபத்தில் நியாயமும் உண்டு. 1959-ல் இங்கிலாந்தின் ட்ரயம்ஃப் கம்பெனி ஹெரால்டைக் கொண்டுவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. 1961 முதல் நம் வண்டலூரிலும் ஹெரால்டு தயாரானது. 1962-ல் அங்கே இதே ஹெரால்டின் சேஸிஸை நீளம் குறைத்து, 'ஸ்பிட்ஃபயர்' என்று ஒரு ஸ்போர்ட்ஸ் காரைப் பண்ணினார்கள். ஆக, நண்பரின் வண்டி ஸ்போர்ட்ஸ் காருக்கு உடன்பிறந்த அண்ணன்!

அண்ணனுக்குத்தான் இப்போது உடம்பு சரியில்லை. ஓடினால் 'கிச்... கிச்...' ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் பின்னால் 'டங்!' ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஹவுசிங் போச்சு சார். கியர் பாக்ஸும் சந்தேகம்தான்" என்று சொல்லி, எஸ்டிமேட் தாளை நீட்டினார்கள். அந்தத் தொகைக்கு இரண்டு பழைய மாருதி வாங்கலாம். ஸ்டாண்டர்ட் கம்பெனியோ 1980-களின் கடைசியிலேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. பார்ட்ஸுக்கு எங்கே போவது?

பழைய இரும்பு விலைக்குக் கேட்டு ஒருத்தர் வந்தார். திங்கட்கிழமை வரச் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடைசி சவாரி. அப்பா மாதம் ஒருமுறை மருந்துப் பெட்டியோடு ஏறிய மலைக்கு. துணைக்கு அடியேன்.

2019 நவம்பரில் தனி மாவட்டமான பிறகு கள்ளக்குறிச்சியில் ஜனமும் வண்டியும் கூடிவிட்டன. டவுனைத் தாண்டிக் கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பினால் கரும்பு ராஜ்ஜியம். சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்களின் பின்னால் ஊர்ந்து, கோமுகி அணையைத் தொட்டதும் மலை எழுந்து நிற்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. தலைமுறை தலைமுறையாக ஜாகிர்தார்கள் கையில் இருந்து, 1976-ல்தான் அரசாங்கத்திடம் வந்தது.

அணைக்கரையில் டீ குடிக்கும்போது நண்பருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

"அப்பா யாருக்கும் எடுத்தவுடனே மாத்திரை எழுத மாட்டார்யா. 'எப்ப வலிக்குது? நடந்தா வலிக்குதா, படுத்தா வலிக்குதா, சாப்பிட்டப்புறமா?'னு நச்சரிப்பார். பாதி வியாதியை நோயாளியே சொல்லிடுவான்பார்."

"சரி, நீங்க காரைக் கேட்டீங்களா?"

நண்பர் டீயை அப்படியே வைத்தார்.

அங்கேயே ஆரம்பித்தோம். வண்டி நிற்க, எஞ்சின் ஓட, நியூட்ரலில் கிளட்சை மிதித்தோம், விட்டோம். மிதித்தால் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். விட்டால் சத்தம் வந்து, மிதித்தால் அடங்கினால் கியர் பாக்ஸின் முன்பக்கம். இரண்டும் இல்லை.

அப்புறம் மலை ஏறினோம். பரிசோதனைக்கு மலைப்பாதை மாதிரி ஆஸ்பத்திரி கிடையாது! ஒரே வேகத்தில் இரண்டாவது கியர், மூன்றாவது கியர் என்று மாற்றிப் பார்த்தோம். சமதளம் கிடைத்த இடத்தில் டாப் கியர். அதில் இழுவை கியர் பாக்ஸுக்குள் நேராகக் கடந்துவிடும். மற்ற கியர்களில் அடியிலுள்ள லே-ஷாஃப்ட் வழியாகச் சுற்றிவரும். கோளாறு அங்கே இருந்தால் டாப்பில் அடங்கவேண்டும். குருவியோ எந்தக் கியரிலும் ஒரே ராகம்.

பெரியார் அருவிப் பக்கம் ஒரு இறக்கம். காலை எடுத்து, எஞ்சினின் பிடியில் இறங்கினோம். கிரௌன் பினியன் தேய்ந்திருந்தால் மிதிக்கும்போது ஒரு ஸ்வரம், காலை எடுத்தால் வேறு ஸ்வரம் என்று 'ஊஊ' என ஊளையிடும். ஊளையே இல்லை. கொண்டை ஊசி வளைவுகளில் காது கொடுத்தோம். வீல் பேரிங் போயிருந்தால், எடை சாய்கிற பக்கத்தில் உறுமல் கூடும். அதுவும் இல்லை.

"அப்ப ஹவுசிங் போகலையா?" நண்பர் குரலில் முதல்முறையாக உயிர்.

"இன்னும் ஒரு கேள்வி பாக்கி."

கரியாலூரில் சாமைக் களம் மாதிரி சமமான ஒரு இடம். எஞ்சினை அணைத்தோம். பின்சக்கரங்கள் இரண்டிலும் சாக்பீஸால் கோடு போட்டோம். வேடிக்கை பார்த்த மலைவாசிப் பையன்கள் நாலு பேர், "தள்ளணுமாண்ணே?" என்று உற்சாகமாக வந்தார்கள். காரைத் தள்ளுவதில் பையன்களுக்கு உள்ள சந்தோஷம் காருக்குள் உட்காருவதில்கூட இல்லை!

கணக்கு இதுதான். புரொப்பல்லர் ஷாஃப்ட் நாலு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் பின்சக்கரம் ஒரு சுற்று வரும். சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் சத்தம் நாலைந்து முறை கேட்டால் புரொப்பல்லர் ஷாஃப்ட். ஒரே முறை கேட்டால், ஹவுசிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ஹாஃப் ஷாஃப்ட் அல்லது சக்கரம்.

நான் மண்டியிட்டுக் கோட்டைப் பார்த்துக்கொண்டே நகர்ந்தேன். கோடு கீழே வரும்போதெல்லாம் ஒரு 'கிச்'. இடப்பக்கம். லேசாக ஹேண்ட் பிரேக் போட்டுப் பார்த்தும் மாறவில்லை. ஆகவே பிரேக் உரசலும் இல்லை. குனிந்து டார்ச் அடித்தேன். ஹாஃப் ஷாஃப்டின் உள்முனையில், கிராஸ் ஜாயின்ட்டைச் சுற்றி, குங்குமம் தூவினாற்போல் செம்பொடி. துரு!

கூட்டல் குறி மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டு. நாலு முனையிலும் கிண்ணம், கிண்ணத்துக்குள் ஊசி ஊசியாக உருளைகள். கிரீஸ் காய்ந்தால் உருளை துருப்பிடித்துப் பொடியாகும். அது உரசுவதுதான் 'கிச்'. தேய்ந்த இடைவெளி ஆடுவதுதான் 'டங்'.

நண்பர் சந்தோஷத்தில் என்னைக் கட்டிக்கொண்டார். "இவ்வளவுதானா? வாய்யா, இறங்கிடலாம்!"

என் உற்சாகம் அந்த நிமிஷம்தான் அடங்கியது. ஹெரால்டில் பின்சக்கரம் சாயாமல் நிற்பதில் இந்த ஹாஃப் ஷாஃப்டுக்கும் பங்கு உண்டு. கொண்டை ஊசி வளைவில் கிராஸ் உடைந்தால் இழுவை மட்டும் போகாது. சக்கரமே சொன்னபடி கேட்காது. இதோடுதான் இவ்வளவு தூரம் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஏறி வந்திருக்கிறோம்!

நண்பர் காரைத் தடவிக்கொடுத்தார். "அப்பா இருந்தா 'பெட்ல அட்மிட் பண்ணு'ம்பார்."

அட்மிட் செய்தோம். ஒரு வீட்டு வாசலில் காரை விட்டுவிட்டு, பஸ்ஸில் கீழே இறங்கினோம். கச்சிராயபாளையத்தில் கரும்பு டிராக்டர் பார்க்கிற பெரியவர் ஒருத்தர், கதையைக் கேட்டு பீடியை அணைத்தார்.

"சக்கரத்துக்கு ஒரு தடவையா கேட்டுச்சு? அப்ப கிராஸ்தான் தம்பி. சத்தத்தைக் கேட்டா போதாது, எண்ணணும். டிராக்டர் ஷாஃப்ட்லயும் இதே சங்கதிதான்."

மறுநாள் பைக்கில் மேலே வந்தார். கழற்றி, கப்பின் விட்டத்தையும் கிராஸின் நீளத்தையும் அளந்து சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதே அளவில் ஒன்று சென்னை ஜி.பி. ரோட்டில் கிடைத்தது. வலப்பக்கத்துக்கும் சேர்த்து இரண்டாக வாங்கினோம். கிராஸும் கூலியும் சேர்த்து, குடும்பத்தோடு ஓட்டலில் சாப்பிட்ட பில் அளவுதான். இரும்புக்காரருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பியாயிற்று.

அந்த வார இறுதியில் காரை இறக்கினோம். கிச் இல்லை, டங் இல்லை. பின் சீட்டில் பையன்கள் வீட்டில் கொடுத்த தேன் பாட்டில். நண்பர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

பாதி மலையில்... 'கிச்... கிச்...'

சடாரென்று பிரேக். நண்பர் முகம் வெளுத்துவிட்டது. எஞ்சினை அணைத்தார். 'கிச்... கிச்...' நிற்கவே இல்லை.

மெல்ல நிமிர்ந்து பார்த்தோம். கடுக்காய் மரக் கிளையில் உட்கார்ந்திருந்தது, நிஜக் குருவி!