விஜய் சூப்பர்: ஓட்டவா, பூட்டி வைக்கவா?

பழைய இத்தாலி வண்டி ஒன்றை வாங்கிச் சரிபண்ணி ஓட்டணும் என்று ஆசைப்படுகிறவர்கள் டுகாட்டி, மோட்டோ குஸ்ஸி என்று கனவு காணலாம். நம்ம சம்பளத்துக்கு லாம்ப்ரெட்டாதான். லக்னோவில் குப்பை கொட்டுகிறவனுக்கு அது தெருமுனையிலேயே கிடைக்கும்.

காரணம் இருக்கு. 1947-ல் இருந்து லாம்ப்ரெட்டா செய்துவந்த மிலான் இன்னொசெண்டி கம்பெனி, எழுபதுகளின் தொடக்கத்தில் கடையைக் கட்டியது. நம்ம மத்திய அரசு 1972-ல் ஸ்கூட்டர்ஸ் இந்தியாவைத் தொடங்கி, அந்த மெஷின்களையும் வரைபடங்களையும் பெயர் உரிமையையும் வாங்கி லக்னோவில் இறக்கியது. 1975-ல் இருந்து உள்ளூருக்கு விஜய் சூப்பர், வெளிநாட்டுக்கு லாம்ப்ரெட்டா. 1997-ல் ஸ்கூட்டர் நின்றது. கம்பெனியையே மூட 2021-ல் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது.

என்னுடையது 1978 மாடல். வாங்க நினைப்பவர்களுக்கு மூன்று விஷயம். முதலில், சேசிஸ் நம்பரும் ஆர்.சி. நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். பேங்க்காரன் புத்தி, டாகுமெண்ட் சரியில்லாத சொத்து எனக்கு ஆகாது :-) அடுத்து, புது பெயிண்ட்டைக் கண்டு மயங்காதீர்கள். கால் வைக்கும் தகட்டின் அடியில் தட்டிப் பாருங்கள், துருவை மறைத்துப் பட்டி பூசியிருப்பார்கள். மூன்றாவது, ஆயில் சீல். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஃப்ளைவீல் பக்கத்துச் சீல் தேய்ந்தால் காற்று உள்ளே புகும், பெட்ரோல் கலவை மெலியும், சூடேறி பிஸ்டன் இறுகிவிடும். விலை சொற்பம், வேலை வைப்பது ஆயிரக்கணக்கில்.

எங்கள் மிஸ்திரி, "சாப், முதல்ல குரோம் போட்டுடலாம், ஜொலிக்கும்" என்றார். இன்ஜின் ஓடட்டும், பிரேக் பிடிக்கட்டும், அழகு கடைசியில் என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதம் ஆயிற்று.

இப்போது பிரச்சினை வேறு. 2021-ல் வந்த விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் தினசரி ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றால் எடுக்கலாம். சாதாரணப் பதிவு என்றால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. முன்னால் வண்டியை நிறுத்தி புதுப்பிக்கணும். வேறு மாநிலத்துக்கு மாற்றல் வந்தால் என்.ஓ.சி., பன்னிரண்டு மாதத்துக்குமேல் அங்கேயே ஓடினால் மறுபதிவு. மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் என்று சுற்றும் நம் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

2028-ல் என் வண்டிக்கு ஐம்பது. நண்பர்கள் விண்டேஜ் ஆக்கிவிடு, மதிப்பு ஏறும் என்கிறார்கள். தங்கமணியிடம் கேட்டேன். "ஓட்டாம கொலு வைக்கவா இவ்வளவு செலவு பண்ணினீங்க?"

தீர்ப்பு ஆயிற்று. சாதாரணப் பதிவிலேயே இருக்கட்டும். கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போக இதன் மதிப்பு எப்போதோ பூஜ்யம். சப்ஜி மண்டிக்குப் போய் வருகிற வரைக்கும்தான் அது ஸ்கூட்டர், அப்புறம் வெறும் இரும்பு.