அஸ்திக்கு வானம், பாடைக்குப் பாதை

அமெரிக்கப் பத்திரிகையாளர் ஹன்டர் தாம்சன் 2005 பிப்ரவரியில் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 20 இரவு, கொலராடோவில் அவருடைய பண்ணையில் 153 அடி கோபுரம் கட்டி, அஸ்தியை வாணவேடிக்கையோடு வானத்தில் வெடிக்கவிட்டார்கள். செலவு நடிகர் ஜானி டெப்புடையது. இதைப் படித்த மாணவி ஒருவர், "அக்கா, பணக்காரங்க கூத்துதானே இது?" என்று கேட்டார்.

பணம் பணக்காரர்களுடையதுதான். ஆனால் சாவுக்கு வெடி போடுவதை நாம் ஹாலிவுட்டிடம் கற்றுக்கொள்ளவில்லையே! தாம்பரம் பக்கம் நம் குடியிருப்புகளில் சாவு விழுந்தால் பறை, கானா, சரவெடி, ரோடெல்லாம் சாமந்தி. புதிதாக வந்த அடுக்குமாடிக்காரர்களுக்கு இது "நியூசென்ஸ்". கோயில் திருவிழா வெடிக்கு அந்த வார்த்தையை அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. நாள் முழுக்க ஓரமாக நடந்த ஒருவர், செத்த பிறகு ஒரு மணி நேரம் நடுரோட்டில் போகிறார். உறுத்துவது சத்தம் அல்ல, அந்த நடுரோடு என்றே நினைக்கிறேன்.

(வெடி என்றதும் சாத்தூரும் ஞாபகம் வருகிறது. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம் பட்டாசு ஆலை விபத்தில் கூலித் தொழிலாளர்கள் கருகிச் செத்தார்கள். நாம் கொளுத்தும் சரத்திலும் அந்தக் கைகள் உண்டு.)

நேருவின் விருப்பப்படி 1964இல் அவர் அஸ்தியின் பெரும்பகுதியை விமானத்திலிருந்து இந்திய வயல்கள்மீது தூவினார்கள். அழகான ஆசைதான். ஆனால் 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் என்ன நடந்தது? சுடுகாட்டுக்குப் போகும் வழியில் ஆதிக்க சாதியினரின் நிலம். பாதை இல்லை. ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் நாடு பேசியது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பிரதமரின் சாம்பல் வயல்மேல் விழலாம், கூலிக்காரரின் பாடை வயலைத் தாண்டக் கூடாது.

அம்பேத்கரின் அஸ்தியை நம் மக்கள் ஆற்றோடு விட்டுவிடவில்லை. 1956 டிசம்பர் 7 அன்று தாதர் கடற்கரையில் எரியூட்டிய இடத்தில் அதை வைத்து ஸ்தூபி எழுப்பினார்கள். ஒவ்வொரு டிசம்பர் 6 அன்றும் லட்சக்கணக்கானோர் அங்கே போகிறார்கள். இடம் மறுக்கப்பட்டவர்களுக்குக் கரைப்பதைவிட நிலைநாட்டுவது பெரிதாகப் படுவதில் ஆச்சரியம் என்ன?

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தோழர்கள் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவிலிருந்து சுடுகாடுவரை நடந்து பாருங்கள். வழி யார் பட்டாவில் இருக்கிறது, மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, ஊர்க்காரர்களின் மயானத்துக்குப் போகும் ரோடு தார் ரோடா என்று குறித்துக்கொள்ளுங்கள். சர்வே எண் கிடைத்தால் இன்னும் நல்லது. மனு எழுத நான் உட்காருகிறேன்.